வீட்டு வாசலுக்கு மாத்திரை வந்த பிறகும் இரத்த அழுத்தம் ஏன் கட்டுக்குள் வரவில்லை?

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

தமிழ்நாட்டில் உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை கிடைப்பது இன்று பெரும்பாலான ஊர்களில் ஒரு தடையே அல்ல. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து விலையின்றி வந்து சேர்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாநில அளவில் 2020இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்னும் தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்தான். திட்டம் வந்த பிறகு நடந்த இரண்டாம் சுற்றில் அந்த எண்ணிக்கை 17 அளவுக்கு உயர்ந்தது. சில ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது உண்மையான சாதனை என்றே நான் கருதுகிறேன். இருப்பினும் மீதி 83 பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசவே இந்த இழை.

‘மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை’ என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் தெருவில் பிரஷர் என்ற சொல்லை அறியாத ஆள் கிடையாது. அந்த நோய் வந்தால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கைதான் பலரிடம் ஊறிக் கிடக்கிறது. பிடரி வலிக்க வேண்டும், தலை கிறுகிறுக்க வேண்டும், கண் இருட்ட வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாத நாளில் அழுத்தமும் இல்லை என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் உடம்பு நன்றாகவே இருப்பதால், நிறுத்தியது சரிதான் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது.

இதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் குடும்பங்களில் நோயாளி என்ற இடம் படுத்துவிட்டவருக்குத்தான் கிடைக்கும். எழுந்து நடமாடி, சமைத்து, வேலைக்குப் போய்வருகிறவரை யாரும் நோயாளியாக நடத்துவதில்லை. அவரும் அப்படி நடத்தப்பட விரும்புவதில்லை. உயர் இரத்த அழுத்தத்திற்கோ, ஒருவர் நன்றாக நடமாடுகிற அந்த ஆண்டுகளில்தான் மருத்துவம் செய்தாக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே தினமும் மாத்திரை விழுங்கவும், உப்பைக் குறைக்கவும், மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவும் ஒருவருக்கு வீடும் வேலையிடமும் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடம் ஆணுக்கும் பெண்ணுக்கும், சம்பாதிக்கிறவருக்கும் சம்பாதிக்காதவருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் தெருவில் வீட்டுத் தலைவருக்கு அழுத்தம் என்று தெரிந்தால், குழம்பில் வீடு முழுவதற்குமே உப்பு குறைகிறது. ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. அதே வீட்டில் மனைவிக்கு அழுத்தம் என்றால் குழம்பில் எந்த மாற்றமும் வருவதில்லை. எல்லோருக்கும் சமைத்து, கடைசியில் மிஞ்சியதை உண்ணும் அந்தப் பெண் தனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் எடுத்துவைப்பது எங்கும் வழக்கத்தில் இல்லை. சில வீடுகளில் மிஞ்சுவது அடியில் கெட்டியாக நிற்கும் குழம்பும் ஊறுகாயும்தான். மருத்துவர் அவரிடம் ‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொல்லியிருப்பார். சமைப்பவர் அவர்தான் என்றாலும், உப்பின் அளவைத் தீர்மானிப்பது அவருடைய நாக்கு அல்ல.

உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெல்லிமரம்

நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிகிறேன். பொருநை அவர்கள் சமையலறையிலிருந்து தொடங்கியது நன்று. நான் பிரசவத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இளம்பெண்களின் இரத்த அழுத்தத்தை நாங்கள் தவறவிடும் இடம் அதுதான்.

கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் பார்க்கிறோம். கூடியிருந்தால் உடனே மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அந்தப் பத்து மாதமும் அந்தப் பெண்ணுக்கு நோயாளிக்குரிய எல்லா மரியாதையும் வீட்டில் கிடைக்கிறது. மாமியாரே மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். பிள்ளை பிறந்ததும் கவனம் முழுவதும் பிள்ளையின் மேல் போய்விடுகிறது. பிரசவத்தோடு பிரஷரும் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். பலருக்குப் போகவும் செய்கிறது. சிலருக்குப் போவதில்லை, போனவர்களுக்கும் பின்னாளில் உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம். ஆகவே பிரசவத்திற்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒரு முறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்தாக வேண்டும்.

பார்க்க முடியாமல் போவதற்கு ஒரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள்; பிரசவம் அங்கே நடக்கிறது; மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். கர்ப்பத்தின் முற்பகுதியில் கவனித்த செவிலியர் ஓர் ஊரில், பிற்பகுதியில் கவனித்தவர் வேறோர் ஊரில். தாய்வீட்டுப் பக்கம் நான் போய்க் கேட்டால் ‘ஊருக்குப் போய்விட்டாள்’ என்பார்கள். புகுந்த வீட்டுப் பக்கம் இருக்கும் செவிலியரின் கையில் பிள்ளையின் தடுப்பூசிப் பட்டியல் இருக்குமே ஒழிய, தாயின் இரத்த அழுத்தத்தைக் கேட்கும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பத்தியச் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். பால் ஊறுவதற்காகப் பால்சுறாக் கருவாடு கொடுப்பது எங்கள் பகுதியில் உண்டு. சுறாவைப் புட்டாகச் செய்து கொடுப்பதில் தவறில்லை. கருவாடோ உப்பில் ஊறி உலர்ந்தது. கர்ப்பத்தில் அழுத்தம் கூடியிருந்த ஒரு பெண்ணுக்கு அதைப் பத்து நாள் தொடர்ந்து கொடுக்கும் பாட்டியிடம் ‘கொடுக்காதீர்கள்’ என்று நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். தன் மகளின் பால் வற்றிவிடும் என்று அஞ்சுவார். ‘பச்சைச் சுறாவாகவே வாங்கிச் செய்யுங்கள் அம்மா, பாலும் ஊறும்’ என்று சொன்னால் கேட்கிறார். வழக்கத்தை எதிர்த்து நின்று நான் எந்த வீட்டிலும் எதையும் மாற்றியதில்லை. வழக்கத்துக்குள்ளேயே ஒரு மாற்று காட்டினால்தான் கேட்கிறார்கள்.

தறிச்சத்தம்

ஆண்கள் பக்கத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவன்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேருக்கும் ஆண்களில் 30 பேருக்கும் அழுத்தம் கூடியிருந்தது அல்லது அதற்கு மருந்து உட்கொண்டுவந்தனர். ஆண்களிடம்தான் அதிகம். ஆனால் மருந்து கொண்டுவரும் சகோதரி பகலில் வீட்டுக்கு வருகிறார். அப்போது வீட்டில் இருப்பது பெண்களும் முதியவர்களும். முப்பதிலிருந்து ஐம்பது வயது வரையுள்ள ஆண்கள் தறியிலோ, கட்டட வேலையிலோ, லாரியிலோ இருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலையில்தான் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டுப் போனால், ‘உனக்கு என்ன உடம்புக்கு?’ என்று முதலாளி கேட்பார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று சொல்வதற்கு எந்த ஆணுக்கும் வாய் வராது. 2024இல் தொழிற்கூடங்களுக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது மிகச் சரியான முடிவு. பெரிய ஆலைகளுக்கு அது பயன்படும். பத்துத் தறி வைத்திருக்கும் கூடத்துக்கு யார் வருவார்கள்?

அடுத்தது குடி. ‘மாத்திரை போட்ட நாளில் குடிக்கக் கூடாது’ என்பதைத் தொழிலாளர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த அறிவுரையை அவர்கள் பின்பற்றும் முறை வேறு. குடிக்கப் போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும். சனியும் ஞாயிறும் மாத்திரை கிடையாது. மதுவே அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், மாத்திரை மிகவும் தேவைப்படும் இரண்டு நாளில் அது உள்ளே போவதில்லை. குடியை விடச் சொல்வது ஒரு பேச்சு. விடும் வரையில் மாத்திரையை விடாதே என்று சொல்வது வேறு பேச்சு. இந்த இரண்டாவதை எந்த மருத்துவரும் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னதில்லை. சொன்னால் குடிக்க அனுமதி கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள் போலும்.

கல்யாணம் ஆகாத இளைஞர்கள் இன்னும் மோசம். முப்பது வயதில் பிரஷர் என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று தாயே மாத்திரையை ஒளித்து வைக்கச் சொல்கிறார். ஒளித்து வைத்த மாத்திரை தினமும் நினைவுக்கு வராது.

மணல்மேடு

ஒரு சிறு தகவல் மட்டும். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரை ஒரு முறை வெள்ளையாக இருக்கிறது, அடுத்த முறை மஞ்சளாக இருக்கிறது. மருந்து அதுவேதான், ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் மாறியிருக்கும். படிக்கத் தெரியாத முதியவர்கள் நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள். நிறம் மாறியதும் ‘இது என் மாத்திரை இல்லை’ என்று என் அத்தை இரண்டு வாரம் சாப்பிடாமல் வைத்திருந்தார். கொடுப்பவர் ‘நிறம்தான் வேறு, மருந்து அதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

தனியார் மருந்துக் கடைப் பழக்கமும் இருக்கிறது. எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டையோ வெறும் அட்டையையோ காட்டிப் பத்து மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடுகிறார்கள், ஆனால் அழுத்தம் பார்ப்பதே இல்லை. அரசு நிலையத்தின் வரிசையில் நிற்பது தம் அந்தஸ்துக்கு ஆகாது என்று எண்ணும் நடுத்தரக் குடும்பங்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

வேலிப்பருத்தி

இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் குடும்பத்தின் மேலும் முதலாளியின் மேலும் வழக்கத்தின் மேலும் பழியைப் போடுகிறீர்கள். தன் உடம்பைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்பு ஒவ்வொருவருக்கும் இல்லையா? அரசு வாசலுக்கே வந்து கொடுப்பதால்தான் மக்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

இன்னொன்று: ஆங்கில மருந்தைத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று மக்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நம் முன்னோர் பூண்டும் முருங்கைக் கீரையும் மருதம்பட்டையும் கொண்டு சமாளித்தார்கள். சமையலுக்கு இந்துப்பு சேர்த்தாலே பாதி நோய் போய்விடும்.

கீழத்தஞ்சை மருத்துவர்

வேலிப்பருத்தி அவர்களுக்கு நன்றி. நீங்கள் எழுதிய ஐயங்களைத்தான் என் அறையில் நாள்தோறும் கேட்கிறேன்; பலர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நீங்கள் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி முதலில். நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதைப் பார்த்து, மாத்திரையால்தான் பழுதானது என்று மக்கள் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. கட்டுக்குள் வராத அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. மருந்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்கள், வலி மாத்திரையைக் கடையில் வாங்கி அடிக்கடி போட்டவர்கள் ஆகியோரிடம் இந்தச் சேதத்தை நான் மிகுதியாகக் காண்கிறேன். மூட்டுவலிக்கு வாங்கும் வலி மாத்திரைகள் பல, அழுத்தத்தைக் கூட்டவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் செய்யும். அவற்றைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

நாட்டு மருந்தை நான் இகழ மாட்டேன். உயர் இரத்த அழுத்தத்துக்கு நவீன மருத்துவம் கண்ட முதல் மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. அதைப் பற்றி ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது அழுத்தத்தைக் குறைத்தது. அளவு கூடியபோது மனச்சோர்வு முதலிய தொல்லைகளையும் தந்தது. எந்த வேருக்கும் அளவு தெரிய வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றோம். பூண்டும் கீரையும் உணவாக நல்லவையே; மாத்திரைக்குப் பதிலாக அவற்றை நம்பி 180 அழுத்தத்தோடு நடமாடுவதுதான் ஆபத்து. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. அதை உப்பு இல்லை என்று நினைத்துத் தாராளமாகப் போடுகிறவர்கள் உண்மையில் உப்பைக் கூட்டிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி என்று கொள்ளலாம். அந்த ஒரு தேக்கரண்டிக்குள் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு எல்லாம் அடங்க வேண்டும். அப்பளக்காரத்திலும் சோடியம் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில வகை அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

இனி, பொறுப்பு. பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. நானும் நோயாளிகளிடம் அதைத்தான் கேட்கிறேன். அந்தப் பொறுப்பை ஒருவர் எந்த நிலைமையில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அம்லோடிபின் நல்ல மருந்து, மலிவானது, ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவருக்கு வீக்கம் இன்னும் கூடும். 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, கடைகளில் பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. எல்லாக் கடைகளிலும் அந்த இருக்கையில் உட்கார முடிகிறதா என்பது வேறு கேள்வி. வீக்கத்துக்காக மருந்தை மாற்றிச் சிறுநீர் கூடுதலாகப் போகும் மாத்திரை கொடுத்தால், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். வயலில் வேலை செய்கிறவருக்கும் நீண்ட தூரம் பேருந்தில் போய்வருகிறவருக்கும் இதே சங்கடம்தான். அந்தக் கடைப் பெண் மாத்திரையை விடுமுறை நாளில் மட்டும் சாப்பிடுகிறார். அவரைப் பொறுப்பற்றவர் என்று நான் எழுத மாட்டேன். ‘வேலைக்குப் போகும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா?’ என்ற கேள்வியை மருந்து எழுதுமுன் கேட்க வேண்டியது என் பொறுப்பு. கேட்டால் வேறு மருந்தோ வேறு வேளையோ எழுத முடியும்.

தறிச்சத்தம் அவர்களுக்கு: நீங்கள் சொன்னதை நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். குடியை விடுங்கள், அதற்கு உதவி வேண்டுமானால் வாருங்கள். விடும் வரையில், குடிக்கிற நாளிலும் அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடித்தபின் தலைசுற்றல், மயக்கம் வருவதானால் என்னிடம் சொல்லுங்கள், மருந்தைச் சரிசெய்யலாம். அட்டெனலால் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து. விரதத்துக்கும் இதே பேச்சுதான். ரமலான் நோன்பு நோற்பவர்களும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்களும் முன்கூட்டியே வந்தால், மாத்திரை வேளையை சஹருக்கோ (விடியலுக்கு முந்திய உணவு வேளை) இரவுக்கோ மாற்றிக் கொடுக்க முடியும். வராமல் நிறுத்திவிட்டு மலை ஏறுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மணற்காட்டாள்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மாதாந்தக் கிளினிக் முறை நெடுங்காலமாக இருக்கிறது. கிளினிக் கொப்பியை (குறிப்பேட்டை) வயோதிபர்கள் மிகவும் கவனமாக வைத்திருப்பார்கள்; எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், சென்ற மாதம் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். 2011 முதல் இயங்கும் சுகவாழ்வு நிலையங்களிலும் பரிசோதனை செய்கிறார்கள். அங்கே வருகிறவர்களில் ஆண்கள் மிகக் குறைவு என்பது இலங்கை முழுவதற்கும் பொதுவான குறை. ஆகவே தறிச்சத்தம் எழுதியது இங்கேயும் பொருந்தும்.

எங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். அங்கிருந்து ‘நல்ல மருந்து’ என்று மாத்திரை அனுப்புவார்கள். பெட்டியில் இருப்பதும் கிளினிக்கில் கொடுப்பதும் லொசாட்டன் என்ற ஒரே அழுத்த மருந்தாக இருக்கும். பெயர் வேறு என்பதால் அம்மா இரண்டையும் குடிப்பார். அல்லது, பிள்ளை அனுப்பியது உயர்ந்தது என்று கிளினிக் மருந்தை அலுமாரியில் வைத்துவிட்டு, அனுப்பியது முடிந்தபின் ஒன்றும் குடிக்காமல் இருப்பார். பிள்ளையின் அன்பை மறுத்ததாக ஆகக் கூடாதே என்று கிளினிக்கில் இதைச் சொல்லவும் மாட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை வாசித்தால், மருந்து அனுப்புமுன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

நெல்லிமரம்

மணற்காட்டாள் அவர்களின் கொப்பியைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது. எங்களிடம் பதிவு கணினியில் இருக்கிறது. நோயாளியின் கையில் அவரே படித்துக்கொள்ளும்படி ஒன்று எப்போதும் இருப்பதில்லை.

அழுத்தம் பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். பட்டையை வெறும் கையில் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. பார்க்கும்போது பேசக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து ஒரு பெண் வேகமாக நடந்து வருகிறார். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ரவிக்கைக் கை இறுக்கமானது. சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும். கழற்றுவதற்கு மறைவு இல்லை. ஆகவே துணிக்கு மேலேயே பட்டை சுற்றப்படுகிறது. முஸ்லிம் பெண்கள் சிலர் கையையே நீட்டத் தயங்குகிறார்கள். எண் தவறாக வருகிறது. ஒரு நாள் கூடுதல், மறுநாள் குறைவு என்று வந்தால், இயந்திரத்தின் மேலும் எங்கள் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. ‘அன்றைக்கு இல்லை என்றீர்கள், இன்றைக்கு இருக்கிறது என்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். இப்போது வீட்டுக்குள் போய், கதவை ஒருக்களித்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்து, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு பேச்சை நிறுத்திப் பார்க்கிறேன். நேரம் கூடுதலாகிறது. அந்த நேரத்தில்தான், மாத்திரையை ஏன் விட்டார் என்ற உண்மையும் வெளிவருகிறது.

அப்படித் தெரிந்துகொண்ட ஒன்று: கணவனும் மனைவியும் ஒரே மாத்திரை அட்டையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கணவருக்குத்தான் மருந்து கொடுக்கப்படுகிறது. மனைவி பரிசோதனைக்கே வந்ததில்லை. தலை சுற்றும் நாளில் கணவருடைய அட்டையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவருக்குத் தன் நோய் தெரியும். பட்டியலில்தான் அவர் பெயர் இல்லை.

தறிச்சத்தம்

மருத்துவர் ஐயா வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இதைக் கூடத்தில் படித்துக் காட்டினேன். ‘அப்படியானால் சனிக்கிழமையும் போட வேண்டுமா?’ என்று கேட்டார்கள்.

இன்னொரு கேள்வி. எங்கள் கூடத்தில் ஒருவருக்கு வாய் கோணிக் கை விழுந்தபோது, காற்று அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்க்க அழைத்துப் போனார்கள். ஒரு நாள் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார். அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

கீழத்தஞ்சை மருத்துவர்

உடனே 108ஐ அழைத்து, பக்கவாதத்துக்குச் சிகிச்சையும் சி.டி. ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதமானால், அதைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். சீக்கிரம் செலுத்தும் அளவுக்குப் பலன் கூடும். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சு குழறுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான். எண்ணெய் தேய்ப்பதும் தசைப் பயிற்சியும் பிறகு செய்துகொள்ளலாம். உங்கள் கூடத்தாருக்கு என் பதில்: ஆம், சனிக்கிழமையும் போட வேண்டும்.

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. வேலிப்பருத்தி அவர்கள் ஐயங்களை எழுப்பியிராவிட்டால் மருத்துவரின் அவ்வளவு விரிவான விளக்கம் கிடைத்திருக்காது.

இவற்றில் எங்கள் ஊரளவில் செய்யக் கூடியவற்றை ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணுகிறேன். முதலாவது, வாரத்தில் ஒரு மாலை, வேலை விட்டு வரும் நேரத்தில், ஊராட்சி அலுவலகத்தில் அழுத்தம் பார்க்க ஏற்பாடு வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்கும் நேரத்துக்கு முன்பாக இருந்தால் நல்லது. இரண்டாவது, அழுத்தம் உள்ள ஒவ்வொருவர் கையிலும், மருந்தின் பெயரும் சென்ற முறை பார்த்த அழுத்தத்தின் அளவும் தமிழில் எழுதிய ஓர் அட்டை இருக்க வேண்டும். மாத்திரையின் நிறம் மாறினாலும், வேலைக்கு வெளியூர் போனாலும் அது உதவும். மூன்றாவது, கர்ப்பத்தில் அழுத்தம் கூடிய பெண்களின் விவரத்தைத் தாய்வீட்டுப் பக்கச் செவிலியரும் புகுந்த வீட்டுப் பக்கச் செவிலியரும் பகிர்ந்துகொள்ள வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்க வேண்டும். நான்காவதாக, குடும்பத்தில் ஒருவருக்கு அழுத்தம் என்று தெரிந்தால் அந்த வீட்டில் முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் அன்றே பார்க்க வேண்டும் என்று கேட்க நினைக்கிறேன். கணவரின் மாத்திரை அட்டையைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த மனைவியின் பெயர் அப்போதுதான் பட்டியலில் ஏறும். விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லிமரம்

ஊராட்சி அலுவலகத்தில் பார்ப்பதானால், ஒரு மூலையில் திரைச்சீலை கட்டித் தரும்படி அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். முதுகு சாய்க்கக் கூடிய நாற்காலி இரண்டும் வேண்டும். உப்பைப் பற்றிய பேச்சை மாதர் சங்கக் கூட்டத்தில் மட்டும் வைக்காமல், ஆண்கள் இருக்கும் கிராம சபையிலேயே வையுங்கள். குழம்பில் உப்பு போதவில்லை என்று தட்டைத் தள்ளுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.